ஜப்பானுக்கு மீண்டும் மாட்டிறைச்சி: அமெரிக்காவின் ‘ஈ.வி.’ சான்றுச் சேவை எப்படி?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். மாட்டின் வயதை நிரூபித்துத் தருவதில் இந்தச் சேவைக்குப் பத்துக்கு எட்டு. பெட்டிக்குள் தவறான துண்டு போகாமல் பார்த்துக்கொள்வதில், முதல் சில மாதங்களுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. பிறகு திருத்திக்கொண்டதையும் சேர்த்தால் ஆறு. காகித வேலை அலுப்பு, ஆனால் ஒழுங்கு. சின்ன இறைச்சிக்கூடங்களுக்கு இது கட்டுபடியாகாது.

‘எக்ஸ்போர்ட் வெரிஃபிகேஷன்’, சுருக்கமாக ஈ.வி., என்பது அமெரிக்க வேளாண் துறையின் சந்தைப் பிரிவான ஏ.எம்.எஸ். கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் சரிபார்ப்பு. இறைச்சி சாப்பிடத் தகுந்ததா என்று பார்ப்பது இதன் வேலை இல்லை, அதற்கு எஃப்.எஸ்.ஐ.எஸ். என்ற உணவுப் பாதுகாப்புப் பிரிவு தனியாக இருக்கிறது. நோய்க்குப் பயந்து கதவைச் சாத்திய நாடு ‘இந்த நிபந்தனைப்படி வந்தால் வாங்குகிறோம்’ என்று இறங்கி வரும்போது, அந்த நிபந்தனையை வெட்டுமேசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஈ.வி.

இது எதற்குத் தேவைப்பட்டது என்பது பலருக்கும் நினைவிருக்கும். 2003 டிசம்பர் 23 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கறவை மாட்டுக்கு பி.எஸ்.இ., அதாவது ‘மேட் கவ்’ நோய், இருப்பதாக அமெரிக்கா அறிவித்தது. கனடாவில் பிறந்து எல்லை தாண்டி வந்த ஹோல்ஸ்டீன் மாடு அது. சில நாட்களுக்குள் ஜப்பான், தென்கொரியா, மெக்சிகோ உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இறக்குமதியை நிறுத்தின. அந்த ஆண்டு 380 கோடி டாலரை ஒட்டி இருந்த மாட்டிறைச்சி ஏற்றுமதி, மறு ஆண்டு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. மெக்சிகோ 2004 மார்ச்சிலேயே 30 மாதத்துக்குட்பட்ட மாட்டின் எலும்பில்லா இறைச்சிக்கு வழிவிட்டது. பெரிய வாடிக்கையாளரான ஜப்பான் 2005 டிசம்பர் 12 வரை இறங்கி வரவில்லை.

ஜப்பான் மேல் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்டால், பதில் நாக்கில் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் மாட்டு நாக்குக்கும், விலாவின் அடிப்பக்கம் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக வரும் ‘ஷார்ட் பிளேட்’ துண்டுக்கும் பெரிய மவுசு கிடையாது. ஜப்பானில் நாக்கு சுட்டுத் தின்னும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஷார்ட் பிளேட்டை மெல்லிசாகச் சீவி வெங்காயத்தோடு வேகவைத்துச் சோற்றின் மேல் போட்டால் அதுதான் க்யூடோன். அந்த ஒரு பண்டத்தை நம்பி ஓடும் யோஷினோயா உணவகச் சங்கிலி, அமெரிக்கத் துண்டு இல்லாமல் ருசி வராது என்று 2004 பிப்ரவரியில் விற்பனையையே நிறுத்தி, பன்றி இறைச்சிக்கு மாறியது. மறுபடி தொடங்கியது 2006 செப்டம்பர் 18-இல். ஒரே மாட்டின் வெவ்வேறு உறுப்புக்கு வெவ்வேறு நாடு நல்ல விலை கொடுக்கும்போதுதான் இறைச்சி ஆலைக்கு லாபம். ஒரு நாடு மூடினால் அந்த உறுப்பு உள்ளூரில் சல்லிசாகப் போகும், சில சமயம் தீவனக் கொழுப்பு உருக்கவே போகும்.

ஜப்பான் அப்போது போட்ட நிபந்தனைகள் இவை. மாட்டுக்கு 20 மாதமோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். வயது எதுவானாலும் மண்டை (சுத்தமாக எடுத்த நாக்கும் கன்னச் சதையும் விலக்கு), டான்சில், தண்டுவடம், முதுகெலும்பு, சிறுகுடலின் கடைசிப் பகுதி ஆகியவை வரக் கூடாது. அரைத்த இறைச்சியும் பதப்படுத்தியதும் கிடையாது.

இதில் சிக்கல் எங்கே என்றால், அமெரிக்காவின் உள்நாட்டு விதி வேறு. 2004 ஜனவரி 12 முதல் அங்கே மூளை, கண், தண்டுவடம், முதுகெலும்பு எல்லாம் ‘ஆபத்துப் பொருள்’ (நோய் தங்கக்கூடிய பாகம்) ஆவது 30 மாதமும் அதற்கு மேலும் ஆன மாட்டில் மட்டும். டான்சிலும் சிறுகுடல் கடைசியும் மட்டும்தான் எல்லா வயதிலும் தள்ளுபடி. ஆக, 15 மாதக் கடாரியின் முதுகெலும்போடு கூடிய துண்டு சிகாகோவில் முதல்தர ஸ்டேக், டோக்கியோ துறைமுகத்தில் அப்போது தடை செய்யப்பட்ட பொருள். வெட்டுகிறவர் கையில் இருக்கும் கத்தியும் அவர் பழகிய கோடும் சிகாகோவுக்கானவை. ஈ.வி.யின் வெற்றி தோல்வி எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

வயது விஷயத்துக்கு வருவோம். 30 மாதத்தைக் கண்டுபிடிக்கப் பல் போதும். நம்மூர் மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து ‘ரெண்டு பல், நாலு பல்’ என்று சொல்கிறார்களே, அதே கணக்கு. இரண்டாவது ஜோடி நிலைப்பல்லில் ஒன்றாவது ஈறைக் கிழித்து எட்டிப் பார்த்திருந்தால் எஃப்.எஸ்.ஐ.எஸ். அந்த மாட்டை 30 மாதம் தாண்டியதாகவே எடுத்துக்கொள்ளும். நம் மொழியில் நாலு பல் போடத் தொடங்கிய மாடு. தலையைத் தொங்கவிட்டு உதட்டை விலக்கிப் பார்க்கச் சில நொடிதான். ஆனால் 20 மாதத்துக்குப் பல் உதவாது. முதல் ஜோடி நிலைப்பல் முளைப்பதே ஏறத்தாழ 18 முதல் 24 மாதத்துக்குள். ஒரு மாடு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அதனால் ஈ.வி. இரண்டு வழி வைத்தது. ஒன்று ‘ஏ40’. உரித்துப் பிளந்த உடலைக் குளிரறையில் வைத்து, விலாப் பக்கம் குறுக்கே வெட்டித் திறந்த பிறகு, ஏ.எம்.எஸ். தரம் பிரிப்பவர் எலும்பைப் பார்த்து முதிர்ச்சிக்கு மதிப்பெண் போடுவார். இளசான ஏ வகுப்புக்குள் 00-இலிருந்து 100 வரை அளவு. 40-க்குள் விழுந்தால் ஜப்பானுக்குத் தகுதி. பார்ப்பது குருத்தெலும்பை. இடுப்புக்குப் பின்னாலிருக்கும் தண்டெலும்புகள் முதலில் ஒட்டும், அப்புறம் இடுப்பு எலும்புகளின் நுனி கெட்டியாகும், கடைசியாக முதுகுப் பகுதியில் முள்ளெலும்புகளின் நுனியில் பொத்தான் போல இருக்கும் குருத்து எலும்பாக மாறும். விலா எலும்பு உருண்டையாக, சிவப்பாக இருந்தால் இளசு. தட்டையாகி வெளுத்தால் முதிர்வு. ஓடுகிற சங்கிலியில் இதைப் படிக்கத் தேர்ந்த கண் வேண்டும். அந்தக் கண் ஏ.எம்.எஸ்.ஸிடம் ஏற்கெனவே இருந்தது, ஏனென்றால் ப்ரைம், சாய்ஸ் என்று தரம் போடும் அதே ஆட்கள்தான் இவர்கள்.

ஏ40-இன் குறை இரண்டு. கோட்டை மிகக் கீழே போட்டிருப்பதால் உண்மையில் 20 மாதம் ஆகாத பல மாடுகள்கூட எலும்பு சற்று முந்தி முற்றியதால் கழிந்துபோகும். தேறுவது சிறு பங்கு. இரண்டாவது குறையைப் பலர் தாமதமாகத்தான் கவனித்தார்கள். ஏ40 முடிவு வருவது குளிரறையில், வெட்டி ஒரு நாளாவது ஆன பிறகு. அதற்குள் நாக்கும் குடலும் உதரவிதானச் சதையும் வேறு தளத்தில் பிரித்துப் பெட்டியில் ஏறியிருக்கும். எந்த நாக்கு எந்த உடலுடையது என்று எண் போட்டு நிறுத்தி வைத்தாலொழிய, ஏ40 தேறிய மாட்டின் நாக்கை ஜப்பானுக்கு அனுப்ப முடியாது. ஜப்பான் எதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறதோ, அதற்கே இந்த வழி உதவவில்லை.

மற்றொரு வழி பிறப்புப் பதிவு. பண்ணையில் கன்று பிறந்த தேதியை எழுதி வைத்து, அது தீவனக் கொட்டில் வழியாக ஆலை வரை மாட்டோடு கூடவே வர வேண்டும். தனித்தனியே எழுதாதவர்கள் மந்தைக்கு ஒரு தேதி போடலாம். ஆனால் அந்தப் பருவத்தில் முதலில் பிறந்த கன்றின் தேதிதான் மொத்த மந்தைக்கும் பிறந்த நாள். மார்ச் முதல் தேதி ஒரு கன்று, மே கடைசியில் ஒரு கன்று என்றால் மே கன்றுக்கும் மார்ச் வயதே. அடுத்த ஆண்டு நவம்பரில் மந்தை முழுக்க ஒரே நாளில் தகுதி இழக்கும். கன்று ஈனும் காலத்தைச் சுருக்கமாக வைத்திருக்கும் பண்ணைக்கு மட்டுமே மந்தைத் தேதி லாபம். மூன்று மாதம் இழுக்கும் இடத்தில் காது அட்டை மாட்டித் தனித்தனியே எழுதுவதுதான் சரி. இந்த வழியில் வயது தெரிந்த மாடு தொகுதியாக ஆலைக்குள் வரும், அன்று அந்த நேரத்தில் வெட்டிய நாக்கு எல்லாமே தகுதி பெறும். வயதுச் சான்றுள்ள மாட்டுக்கு ஆலைகள் தலைக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கியது இதனால்தான். எட்டு மதிப்பெண் இந்த இரண்டாவது வழிக்கு.

இனி மூன்று மதிப்பெண் வாங்கிய பகுதி. ஜப்பான் திறந்து ஆறு வாரம் ஆகவில்லை. 2006 ஜனவரி 20 அன்று நரிட்டா விமான நிலையத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த கன்றிறைச்சிப் பெட்டிகளில் முதுகெலும்பு இருந்தது. மறைத்தெல்லாம் வைக்கவில்லை, பெட்டியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. ஜப்பான் அன்றே ஒட்டுமொத்தமாக மறுபடி மூடியது. நோயாபத்து என்று பார்த்தால் ஒன்றுமில்லை: அவை ஆறு மாதம்கூட ஆகாத கன்றுகள், அமெரிக்க விதிப்படி அந்த எலும்பு ஆபத்துப் பொருளே அல்ல. வேளாண் துறையின் சொந்த விசாரணையே சொன்னது, ஆலையில் இருந்தவர்களுக்கும் சரி, சான்றிதழில் கையெழுத்திட்ட அரசு ஆய்வாளர்களுக்கும் சரி, ஜப்பானின் நிபந்தனை சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்று. ஆலைக்குத் தகுதி கொடுத்து சில நாட்களே ஆகியிருந்தன. ஆலை எழுதித் தந்த கையேட்டை ஏ.எம்.எஸ். தணிக்கை செய்தது, எஃப்.எஸ்.ஐ.எஸ். ஆள் தன் வழக்கமான விதிப்படி பார்த்தார். நடுவில் ‘இந்தப் பெட்டி எந்த நாட்டுக்கு’ என்று கேட்க யாருமில்லை.

திருத்தம் உடனே வந்தது. அனுப்பும் சரக்கு ஒவ்வொன்றையும் இரண்டு ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும், ஏற்றுமதி ஆலைகளில் சொல்லாமல் வந்து சோதிப்பார்கள், ஆய்வாளர்களுக்கு நாடு வாரியான பயிற்சி. ஜப்பான் அதிகாரிகள் நேரில் வந்து 35 ஆலைகளைப் பார்த்துவிட்டு, 2006 ஜூலை 27-இல் மீண்டும் திறந்தார்கள். எங்கள் கணக்கில் இதையெல்லாம் விடப் பெரிய முன்னேற்றம் காகிதத்தில் ஒரு வரியாக இருப்பது: தவறு நேர்ந்தால் அந்த ஆலை மட்டும் நிறுத்தப்படும், நாடு முழுவதும் அல்ல. 2008 ஏப்ரலில் இதற்குச் சோதனை வந்தது. யோஷினோயாவுக்குப் போன ஷார்ட் பிளேட் சரக்கில், சுமார் 700 பெட்டிகளுக்கு நடுவே, முதுகெலும்போடு கூடிய ‘ஷார்ட் லாயின்’ பெட்டி ஒன்று கலந்திருந்தது. உள்நாட்டுக்குப் போக வேண்டிய பெட்டி, அடுக்கும்போது தவறாக ஏறியது. அந்த ஒரு ஆலைக்குத் தடை, வணிகம் தொடர்ந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் இதே தவறு நாட்டையே ஆறு மாதம் உட்கார வைத்திருந்தது.

பெயர் ஒன்றுபோலிருக்கும் துண்டுகளை ஒரே அளவு அட்டைப்பெட்டியில் கட்டுவதுதான் இந்த வகைத் தவறுக்கு முதல் காரணம். ஏற்றுமதிப் பெட்டிக்கு வேறு நிற நாடா, பட்டைக்கோட்டில் நாட்டுக் குறி, கட்டும் நேரத்தைப் பிரித்து முதல் ஷிப்டில் ஏற்றுமதியை முடித்துவிடுவது, பெட்டி மூடும் இடத்தில் எடை காட்டும் கருவி தவறான குறியீட்டை மறுக்கும்படி அமைப்பது: இந்த நான்கும் செய்த இடத்தில் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஈ.வி. விதி ‘பிரித்து வை’ என்கிறது, எப்படி என்பதை ஆலையிடமே விட்டுவிடுகிறது. அது நல்லதா கெட்டதா என்பது ஆலையின் சமர்த்தைப் பொறுத்தது.

தென்கொரியா இந்தச் சேவையின் வரம்பைக் காட்டிக் கொடுத்தது. 2006-இல் கொரியா ஒப்புக்கொண்டது 30 மாதத்துக்குட்பட்ட மாட்டின் எலும்பில்லா இறைச்சியை மட்டும். கொரியர்கள் ஆசைப்படும் கல்பி, விலா எலும்போடு வரும் துண்டு. அது முதலிலேயே வெளியே போய்விட்டது. மிச்சமும் நிற்கவில்லை. அங்கே ஒவ்வொரு பெட்டியையும் எக்ஸ்ரேயில் ஓட்டினார்கள். முதலில் போன மூன்று சரக்கிலும் சில மில்லிமீட்டர் அளவு எலும்புச் சில்லு அகப்பட, மூன்றையும் திருப்பிவிட்டார்கள். அமெரிக்க ஆலையின் பார்வையில் எலும்புச் சில்லு தரக் குறைபாடு, இத்தனை பவுண்டுக்கு இத்தனை வரை பொறுக்கலாம். கொரியாவின் பார்வையில் எலும்பில்லை என்றால் இல்லை. பட்டை ரம்பத்தில் அறுத்த துண்டில் தூளும் சில்லும் ஒட்டாமல் இருக்காது. கத்தியால் மட்டும் பிரித்தாலும் விலா ஓரத்தில் ஓடு பெயரும். எவ்வளவு தணிக்கை செய்தாலும் தீராத விஷயம் இது, ஏனென்றால் பிரச்சினை ஒழுங்கில் இல்லை, ஒப்பந்தத்தின் சொல்லில் இருந்தது. ஆலைக்குள் ஒரு எக்ஸ்ரே கருவி வைக்காமல் அந்த நிபந்தனையில் கையெழுத்துப் போட்டிருக்கவே கூடாது.

(இந்தியாவிலிருந்து போகும் எருமை இறைச்சியும் எலும்பு நீக்கியே போகிறது. அங்கே காரணம் கோமாரி. வெட்டிய பின் தசையில் அமிலம் கூடும்போது வைரஸ் அழியும், எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுவிலும் அப்படி அழியாது. எலும்பில்லை என்ற அதே நிபந்தனை, கணக்கு முற்றிலும் வேறு.)

2008 ஏப்ரல் 18-இல் கொரியா எலும்போடும் வாங்கச் சம்மதித்தது. அதை எதிர்த்துச் சியோல் தெருக்களில் மெழுகுவத்தி ஏந்திக் கூட்டம் கூடியது. ஜூன் மாதம் பேச்சு மறுபடி நடந்து, 30 மாதத்துக்குட்பட்டது என்று ஏ.எம்.எஸ். சரிபார்த்த சரக்கு மட்டுமே போகும் என்று தனித் திட்டம் வந்தது. பல்லைப் பார்த்தே தீர்மானிக்கலாம் என்பதால் இந்தக் கொரியத் திட்டம் ஜப்பானுடையதைவிட நடத்த எளிது. வாங்குபவர் நம்பிக்கை திரும்பும் வரை என்று சொல்லித் தொடங்கிய ஏற்பாடு, ஆண்டுக்கணக்கில் ஓடி, கொரியா அமெரிக்க மாட்டிறைச்சியின் முதல்வரிசைச் சந்தையாக வளர்ந்த பிறகும் நின்றபாடில்லை.

மாற்று வழி இருந்ததா? கான்சாஸில் உள்ள க்ரீக்ஸ்டோன் ஃபார்ம்ஸ் தான் வெட்டும் மாடு ஒவ்வொன்றையும் பி.எஸ்.இ. சோதனை செய்து அனுப்ப விரும்பியது. ஜப்பான் 2001 அக்டோபரிலிருந்து தன் மாடுகள் அனைத்தையும் சோதித்துவந்தது, எனவே வாங்குபவருக்குப் புரியும் மொழி. வேளாண் துறை சோதனைக் கருவி வாங்க அனுமதி மறுத்தது. வழக்கில் கீழ் நீதிமன்றம் ஆலை பக்கமும், 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துறை பக்கமும் தீர்ப்பளித்தன. அறிவியலில் துறை சொன்னது நியாயம்தான்: நோய் முற்றிய மாட்டின் மூளையில்தான் சோதனை பிடிக்கும், 20 மாத மாட்டில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆனால் வாங்குபவர் காசு கொடுக்கத் தயாராக இருக்கும்போது விற்பவரைத் தடுத்தது வியாபாரமாகத் தெரியவில்லை.

பிரேசில் கையாளும் வழி இன்னொன்று. சீனாவோடு செய்த உடன்படிக்கைப்படி, பி.எஸ்.இ. தென்பட்டதும் பிரேசில் தானே ஏற்றுமதியை நிறுத்தும். 2021 செப்டம்பர் 4-இல் நிறுத்தியது டிசம்பர் 15 வரை இழுத்தது. 2023-இல் பிப்ரவரி 23 முதல் மார்ச் 23 வரை ஒரு மாதத்தில் முடிந்தது. இரண்டுமே வயதான மாட்டில் தானாக வரும் அரிய வகைதான். ஈ.வி. மாதிரி மாட்டுக்கு மாடு நிரூபிக்கும் செலவு இல்லை, ஆனால் நாடு மொத்தமும் ஒரே சாவியில் மூடும்.

சேரும் முறை, செலவு. ஆலை முதலில் தரக் கையேடு எழுதித் தர வேண்டும்: மாடு வாங்குமிடங்களின் பட்டியல், வயதை எப்படி உறுதி செய்கிறோம், தடை செய்த பாகத்தை எங்கே நீக்குகிறோம், தகுதியுள்ளதைப் பிரித்து வைக்கும் முறை, பயிற்சிப் பதிவு, உள் தணிக்கை, தவறு நேர்ந்தால் செய்வது. ஏ.எம்.எஸ். மேசையில் வைத்துப் படித்து, பிறகு நேரில் வந்து தணிக்கை செய்து, தேறினால் அதிகாரப்பூர்வப் பட்டியலில் பெயரும் தேதியும் ஏறும். கட்டணம் மணிக்கணக்கில், தணிக்கையாளரின் பயணமும் ஆலை தலையில். நாளுக்கு ஆயிரக்கணக்கில் வெட்டும் ஆலைக்கு இது கணக்கிலேயே வராது. வாரத்துக்கு ஐம்பது மாடு வெட்டுகிற இடம், வயதுச் சான்றுள்ள மாட்டைத் தேடியே களைத்துவிடும். அதில் தேறும் நாக்கு ஒரு பெட்டியை நிரப்பவே நாளாகும். அவர்களுக்கு எங்கள் ஆலோசனை, உள்நாட்டுச் சந்தையே போதும்.

ஜப்பானுக்கு இன்று இத்தனை கெடுபிடி இல்லை. 2013 பிப்ரவரி 1 முதல் வரம்பு 30 மாதமாக உயர்ந்தது, அதோடு ஏ40 என்ற தலைவலி ஓய்ந்தது. 2019 மே மாதத்தில் வயது வரம்பே போனது. 2017-இல் சீனா திறந்தபோது, பிறந்த பண்ணை வரை தடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் சமாளிக்க ஜப்பானுக்காகப் பிறப்புப் பதிவு பழகிய பண்ணைகளே கைகொடுத்தன.

காகிதம் பற்றிக் கடைசியாக. ஏற்றுமதியாளர் 9060-6 படிவத்தில் விண்ணப்பிப்பார், எஃப்.எஸ்.ஐ.எஸ். 9060-5 சான்றிதழும் நாட்டுக்குரிய தனிக் கடிதமும் தரும், கால்நடை மருத்துவர் கையெழுத்திடுவார். சரக்கு துறைமுகத்தில் நிற்பதற்குப் பெரும்பாலும் எலும்பு காரணமில்லை. பெட்டியில் ‘டங்’ (நாக்கு) என்றும் சான்றிதழில் ‘டங் ஸ்விஸ் கட்’ (நாக்கின் ஒரு வெட்டு வகை) என்றும் இருப்பது. ஒரு பெட்டி கூடுதலோ குறைவோ. வெட்டிய தேதி, ஆலை பட்டியலில் ஏறிய தேதிக்கு முந்தியிருப்பது. முதல் இரண்டுக்கும் பழைய சான்றிதழை ரத்து செய்து மாற்றுச் சான்றிதழ் வாங்கலாம். மூன்றாவதுக்கு மருந்தே இல்லை, சரக்கு திரும்பித்தான் வர வேண்டும். ஆகவே ஒப்புதல் கிடைத்த அன்று குளிரறையில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் மாட்டைத் தொடாமல், மறுநாள் வெட்டுவதிலிருந்து ஏற்றுமதிப் பெட்டி கட்டத் தொடங்குங்கள்.